இரண்டு கிழமைக்குக் கால் போட வேண்டாம்

மகன்,

நேற்றுக் காலை கடையைத் திறந்து, உடற்பயிற்சிச் சைக்கிளை வாசலுக்கு இழுத்து வைத்துக்கொண்டு நிற்கையில் ஜெனிற்றா தொலைபேசி எடுத்தாள். கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது, கூறைச்சேலைக் கதையாக இருக்கும், அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். "மாமிட்டக் குடுக்காதேங்கோ மாமா, உங்களோடதான் கதைக்கோணும்" என்றாள். நீ வேலை செய்யும் கந்தோரில் உன் காற்சட்டையில் இரத்தக் கறையைக் கண்டாளாம். கேட்டதற்கு மத்தியானம் இறைச்சிக் கறி ஊற்றிக்கொண்டதாகச் சொன்னாயாம். "தவசு காலம், வெள்ளிக்கிழமை, இறைச்சி தொடாத நாளில இவர் இறைச்சிக் கறி ஊத்திக்கொண்டாராம். பொய் சொல்லவும் ஒரு முறை வேணும் மாமா" என்று சிரித்தாள். சிரித்த வாயோடு அழுதாள். கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் தடி இல்லாமல் நடந்து, முழந்தாளில் நின்று மோதிரம் போடப்போவதாக நீ சொல்லியிருக்கிறாய். அதற்காக வேலைக்குப் போகும் முன் ஒன்றரை மணித்தியாலம், வந்தபின் ஒன்றரை மணித்தியாலம் பயிற்சி செய்கிறாய். பத்துக் கிலோ குறைந்துவிட்டாய். "நடந்துதான் வரோணும் எண்டு நான் கேட்டனானா மாமா? நான் அவரைப் பாத்ததே கதிரையில இருக்கேக்கதான்" என்றாள். அவள் சொன்னதாக உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அந்தச் சத்தியத்தை இதோ முதல் பந்தியிலேயே உடைத்துவிட்டேன். உன் விசயத்தில் இதைவிடப் பெரியதை உடைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் கடைக்காரனாகச் சில விசயம் சொல்கிறேன், அது எனக்கு வாய்க்கு வரும். மற்றது வர நேரம் எடுக்கும்.

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "அண்ணை, இதில அரை மணித்தியாலம் ஓடினால் எத்தின கலோரி எரியும்?" நான் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுவதில்லை. மெஷின் சொல்லும் எண் ஒரு குத்துமதிப்பு, அதற்கு உங்கள் நிறையும் தெரியாது, வயதும் தெரியாது, மேல்கம்பியில் இரண்டு கையையும் ஊன்றித் தொங்கிக்கொண்டு நடக்கிறீர்களா என்பதும் தெரியாது என்று சொல்லித்தான் விற்கிறேன். பள்ளிமுனையில் இருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் நடை மெஷின் வாங்கினார். ஒரு மாதம் கழித்து வந்து, நிறை கூடிவிட்டது, மெஷின் பழுது என்று சண்டை பிடித்தார். விசாரித்தால், ஒவ்வொரு நாளும் நடந்து முடித்தவுடன் மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, அவ்வளவு எரிந்துவிட்டதே என்று இரண்டு மீன் ரோலும் சீனி போட்ட தேத்தண்ணியும். "ரீச்சர், மெஷின் பழுதில்லை, ரோல்தான் நல்லாயிருக்கு" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். தாழ்வுபாட்டில் இருந்து மீன் கொண்டுவரும் ஒருவர் அதே மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடு ஓடு எண்டு ஓடி நிண்ட இடத்திலேயே நிக்கிறதுக்குக் காசோ முதலாளி? கரைவலை இழுக்க வரச்சொல்லுங்கோ, நான் காசு குடுக்கிறன்" என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை.

உன் கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டைப் பற்றி இப்போது சொல்கிறேன். அது உன் அடிகளை எண்ணுகிறது, எரிந்த கலோரியைக் காட்டுகிறது, நீ அதைப் பார்த்து இரவுச் சாப்பாட்டைக் குறைக்கிறாய். மகன், உனக்கு ஒரு கால்தான் என்று அந்த மணிக்கூட்டுக்குத் தெரியாது. முழங்காலுக்கு மேல் இழந்தவன் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் மற்றவனைவிட எவ்வளவோ கூடுதலாகச் சக்தி போகிறது. இடுப்பு இழுக்கிறது, முதுகு இழுக்கிறது, நல்ல கால் இரண்டு காலின் வேலையைச் செய்கிறது. அது காட்டும் எண்ணைவிடக் கூடத்தான் நீ எரிக்கிறாய். சாப்பாட்டையும் குறைத்தால் உடம்பு தசையைத்தான் தின்னும். நிறை குறைகிறபோது முகம் மட்டும் மெலிவதில்லை, மிச்சக்காலும் மெலியும். பத்துக் கிலோவுக்கு முந்தி அளவெடுத்த, மிச்சக்கால் நுழையும் பொய்க்கால் கிண்ணம் இப்போது உனக்குத் தளர்வு. நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். மிச்சக்காலுக்கு மாட்டும் துணி மேசுக்கு மேல் மேசாக இரண்டு, மூன்று போட்டு இறுக்கியிருப்பாய். அது உள்ளுக்குள் வழுக்கும், உரசும், தோல் உரியும். பயிற்சிக்குப் பிறகு தசை இரண்டு நாள் நொந்தால் அது வளர்கிற நோ, பயப்பட வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். தோல் சிவந்து, சூடாகி, ஒரே இடத்தில் குத்தினால் அது வேறு. அது நிறுத்து என்று உடம்பு கேட்பது. இதைக் கடைக்கு வரும் ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் சொல்கிறேன். உனக்குச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை.

இனி மற்றதற்கு வருகிறேன். இடம்பெயர்ந்திருந்த நாங்கள் எங்கள் ஊர் அரிப்புக்குத் திரும்பிப்போன காலம் உனக்கு மறந்திருக்காது. தகரக் கொட்டில், கூரையில் வெள்ளை விரிப்பு, கடற்கரையில் கவிழ்ந்து கிடந்த வள்ளங்கள். நான் கருவாடு வாங்கிச் சைக்கிளில் கட்டி மன்னாருக்குக் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தேன். மீளக்குடியமர்ந்த இரண்டாம் வருசம் நீ வேலிக்குக் கம்பு வெட்டப் போனாய். மிதிவெடி. அதில் என் பிழை இல்லை, இருந்தால் அதையும் எழுதியிருப்பேன். அன்று போனது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான். முழங்கால் மிஞ்சியது. முழங்கால் இருந்தால் பையன் ஓடவும் செய்வான், சைக்கிளும் மிதிப்பான் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் போதும். கோயிலுக்குப் போய், மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் நின்று, பூசைக்கு வந்த சனம் கேட்க, பங்குச்சுவாமி கேட்க, நேர்த்தி வைத்தேன். வருகிற திருவிழாவுக்கு என் மகன் ஊன்றுகோல் இல்லாமல் வந்து, மாதாவின் சுரூபத்தை வைத்துத் தூக்கும் கூட்டுக்குத் தோள் கொடுப்பான் என்று. மற்றவர்கள் மெழுகுதிரி நேர்வார்கள், சங்கிலி நேர்வார்கள். நான் உன்னை நேர்ந்தேன். நாளும் குறித்து நேர்ந்தேன். கருவாட்டுக்கு நாள் குறித்து விலை பேசுகிறவன், மாதாவோடும் அப்படியே பேசினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொய்க்கால் வந்ததும் முற்றத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய்களைக் கம்பங்களில் கட்டி, பிடித்து நடக்கத் தடம் செய்தேன். பால்மா டின்னில் சீமெந்து ஊற்றி இரும்புக் கம்பியில் கோத்துக் கைக்குப் பாரம் செய்தேன். சைக்கிள் ரியூப்பை வெட்டி இழுத்துப் பழகும் வார் செய்தேன். வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை அம்மா துணிப்பட்டியில் தைத்துத் தந்தாள், தொடை பலக்க அதைக் கட்டிக் கால் தூக்கினாய். ஆசுபத்திரியில் உன்னை நடக்கப் பழக்கிய மிஸ் ஒருநாள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அங்கிள், சாமானெல்லாம் வடிவாச் செய்திருக்கிறியள். ஓய்வுக்கு என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் காணும் அங்கிள். தம்பி பலக்கிறது பயிற்சி செய்யிற நேரத்தில இல்லை, பேந்து கிடந்து ஆறுற நேரத்தில" என்றார். எனக்கு அது ஏறவில்லை. என் வாழ்நாளில் நான் படுத்துக் கிடந்து எதையும் சம்பாதித்ததில்லை. கடை திறக்காத நாள் தொலைந்த நாள் என்று நினைத்து வாழ்ந்தவன். மிஸ் போனதும் உன்னைப் பார்த்து, "வெயில் தாழ இன்னும் இருபது தரம் நட" என்றேன். நீ "ஓமப்பா" என்றாய். நீ எப்போதும் ஓமப்பாதான். ஒருநாள் ஏலாது என்று கத்தியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், உனக்கு முழங்கால் இருந்திருக்கும்.

திருவிழாக் கொடி ஏறிய அன்று ஆசுபத்திரிக்குப் புது மேஸ் எடுக்க நான் மட்டும் வந்தேன். நீ வரவில்லை, காலையில் நடந்து களைத்துப் படுத்திருந்தாய். மிஸ் உன் காலைப் பற்றிக் கேட்டார். முன்பக்கத்தில் சிவந்திருக்கிறது, ஒரு சதக் குற்றிக் காசு அளவில் தோல் உரிந்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது. ஒரு கடதாசித் துண்டை எடுத்து எழுதினார். மடித்து, மேலே உன் பெயரை எழுதி, "இதைத் தம்பியிட்டக் குடுங்கோ அங்கிள், நீங்கள் சொல்ல வேணாம், அவரே வாசிக்கட்டும்" என்றார். என்னைப் படித்துவிட்டார் அந்தப் பிள்ளை. பஸ்ஸுக்குள் இருந்து துண்டைப் பிரித்தேன். "தம்பி, இரண்டு கிழமைக்குக் கால் போட வேண்டாம். புண் காயட்டும். இதுவும் பயிற்சிதான்" என்று எழுதியிருந்தது. திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டு கிழமை என்றால் பதினாலு நாள். இந்தக் கழித்தலை நான் பஸ் அரிப்புக்கு வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்தேன். எப்படிச் செய்தாலும் ஐந்து நாள் குறைந்தது. இறங்கும்போது துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். முற்றத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். "மிஸ் என்ன சொன்னவ அப்பா?" என்று கேட்டாய். "நல்லா வருதாம். விடாமல் செய்யட்டாம்" என்றேன். நீ "ஓமப்பா" என்றாய்.

திருவிழாவன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் நான் எங்கே நின்று பார்த்தேன் என்று தெரியாது. கூட்டின் பின் இடப்பக்கத் தண்டில் உன் தோள். நான் நாலடி பின்னால். மணல் பாதையில் ஒவ்வொரு தரம் அந்தக் கால் புதையும்போதும் உன் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். சனம் மாதாவைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்து அழுதது. பக்கத்தில் வந்த ஒருவர் என் முதுகில் தட்டி, "மகன் வெண்டிட்டான்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மகன், நான் இதை மறைக்காமல் எழுதவேண்டும். உனக்கு நோகிறது என்று தெரிந்துகொண்டே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கோயில் வாசலில் கூட்டை இறக்கி வைத்துவிட்டு நீ திரும்பி என்னைத் தேடினாய். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். வீட்டுக்கு வந்து கழற்றியபோது மேஸ் தோலோடு ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். பிறகு புண்ணில் இருந்து நஞ்சு ஏறிவிட்டது என்றார்கள். முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

வெட்டி நாலு நாள் கழித்துக் கட்டிலில் கிடந்து நீ ஒரு வார்த்தை சொன்னாய். "நான் இன்னும் பழகியிருக்கோணும் அப்பா. கால் பலக்கேல்லை. அதுதான் உரசிப்போட்டுது." அந்த இடத்தில் சட்டைப் பையில் இருந்து துண்டை எடுத்து உன் கையில் தந்திருக்கலாம். அது அப்போதும் என்னிடம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஓம், இன்னும் பழகியிருக்க வேண்டும் என்பதுபோல ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு நீ பன்னிரண்டு வருசம் வாழ்ந்திருக்கிறாய். பயிற்சி குறைந்ததால் கால் போனது என்று ஜெனிற்றாவுக்கும் சொல்லியிருக்கிறாய். அவள் நேற்று அதைச் சொன்னபோது கடைக்குள் இருந்த சைக்கிள் ஒன்றில் ஏறி இருந்துவிட்டேன். நீ ஏன் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் உன்னை அடிக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ கலியாணத்துக்கு நடக்கப் பழகவில்லை. அந்தத் திருவிழாவைத் திரும்ப நடக்கப் பார்க்கிறாய், இந்த முறை போதிய அளவு பழகிக்கொண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரும் சொல்லி நீ அறியக்கூடாது. நீ ஆசுபத்திரியில் கிடந்த மாதத்தில் உன்னைப் பார்க்க வந்தவர்கள் முற்றத்தில் இருந்த சாமான்களையும் பார்த்தார்கள். ஒருவர் பால்மா டின் பாரம் தனக்கும் ஒரு சோடி செய்து தரக் கேட்டார். வாதம் வந்த தாய்க்குப் பிடித்து நடக்கும் குழாய் வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். செய்து கொடுத்தேன். பிறகு கொழும்பில் இருந்து சைக்கிள் எடுத்தேன், பிறகு நடை மெஷின், பிறகு பள்ளிமுனைக் கடை. கருவாட்டு வியாபாரி எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று கேட்பவர்களிடம், மகனுக்காகத் தொடங்கினேன் என்று சொல்வேன். கேட்பவர்கள் உருகிப்போவார்கள். உன்னைப் படிப்பித்ததும் அந்தக் கடைதான். அது எங்கே இருந்து தொடங்கியது என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அம்மாவுக்குப் போன வருசம்தான் தெரிந்தது. அலுமாரியில் என் பழைய செபப்புத்தகத்தைத் தட்டியபோது துண்டு விழுந்தது. வாசித்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொண்டுவந்து கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது உங்கட பேருக்கு எழுதினதில்லை" என்றாள். அவ்வளவுதான். ஏச்சு இல்லை, அழுகை இல்லை. அந்த ஈயக் குண்டுப் பட்டியைத் தைத்தது தன் கை என்பதை அவள் நினைத்திருப்பாள். அன்றில் இருந்து எனக்குச் சோறு போடுகிறாள், உடுப்புத் தோய்க்கிறாள், பூசைக்கு என்னோடு வருகிறாள், ஆனால் என்னோடு கதை இல்லை. ஒருநாள் நான் பொறுக்காமல், நீயே அவனுக்குச் சொல்லிவிடு என்றேன். "நான் சொன்னால் நீங்கள் தப்பிவிடுவியள்" என்றாள். நேற்று ஜெனிற்றா கதைத்ததை அவளிடம் சொன்னேன். தாளும் பேனையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். தொலைபேசியில் சொல்லலாமே என்று நினைக்காதே. தொலைபேசியில் நீ "ஓமப்பா, பரவாயில்லை அப்பா" என்று சொல்லிவிடுவாய். எனக்கு அந்தப் பரவாயில்லை வேண்டாம்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே லீவு எடுத்துக்கொண்டு கால் செய்த இடத்துக்குப் போ. கிண்ணத்துக்குப் புதிதாக அளவு எடுக்கவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அதற்கு முன் டொக்ரரிடம் புண்ணைக் காட்டு. வயிறு நிறையச் சாப்பிடு. மணிக்கூட்டைக் கழற்றி ஜெனிற்றாவிடம் கொடு, அவள் நேரம் பார்க்கட்டும். கைக்குப் பயிற்சி வேண்டுமென்றால் கதிரையில் இருந்து செய், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். உனக்கு மிஞ்சியிருக்கும் தொடை ஒரு சாண். அதிலும் வெட்டு விழுந்தால் பிறகு கால் மாட்ட இடமில்லை, அதுதான் உண்மை, இனிப்புத் தடவ எனக்குத் தெரியாது. பங்குச்சுவாமியிடம் நேற்றுப் பின்னேரம் போனேன். பீடத்துக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு இருவரும் இருந்துகொண்டே மோதிரம் மாற்றலாமா என்று கேட்டேன். "அதுக்கென்ன, கடவுள் கதிரையில இருக்கிறவனைக் காணமாட்டாரோ?" என்றார். பிறகு அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கு மன்னிப்புக் கேக்கிற இடம் இங்க மட்டும் இல்லை" என்றார்.

துண்டு இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது, மெதுவாகப் பிரி. மேலே இருப்பது உன் பெயர். பன்னிரண்டு வருசம் பிந்தி உன் கைக்கு வருகிறது. போன முழங்காலை என்னால் திருப்பித் தர முடியாது. அதில் எழுதியிருக்கும் இரண்டு கிழமையை மட்டும்தான் தர முடியும், அது அப்போதும் உன்னுடையது, நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றில் இருந்து எண்ணு. பதினாலு நாள் முடிந்தாலும் கலியாணத்துக்கு நாலு கிழமை மிச்சம் இருக்கும். இந்த முறை நாள் குறையவில்லை.

கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடுவதும் விடுவதும் உன் முடிவு. கூப்பிடாவிட்டால் அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடையில் இருப்பேன். ஆனால் அதை இப்போது யோசிக்காதே. முதலில் காலைக் கழற்றி வை. பிறகு இருந்து யோசி.

அப்பா